பண்டைக் கடலின் கொம்புச் சிப்பிகள்

உயிர்களின் வரலாற்றைக் கூறும் கல்லேடுகள் எல்லா நிலத்திலும் ஒருங்கே கிடைப்பன அல்ல. கெசல்கமுவ ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் கலந்து களனி கங்கையாகும் பொல்பிட்டியப் பகுதியில், ஆறு அரித்த பாறைகளையும் மின்னாக்கத்துக்கெனக் குடைந்த சுரங்க வழிகளையும் எத்துணை நுணுகி ஆராயினும் ஒரு சிப்பியின் சுவடுதானும் தென்படாது. அங்குள்ள நைசு, சாணொக்கைற்று முதலிய பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்ப் புவியோட்டின் ஆழத்தில் வெந்தும் நசுங்கியும் உருமாறியவை. ஓடுடைய உயிர்கள் கடலிற் பெருகத் தொடங்கியதே அக்காலத்தையொட்டித்தான். ஆதலின் மலைநாட்டுப் பாறை, சிப்பிகளைக் காத்துவைத்த பேழையாக இருத்தல் இயலாது.

ஆயினும் அம்மலைக்கும் கடற்சிப்பிக்கும் தொடர்பே இல்லை என்பது பொருந்தாது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிப் பாறையைச் சிறிது சிறிதாக அரிக்கின்றது. அவ்வாறு விடுபட்ட கல்சியம் ஆற்றுநீரிற் கரைந்து, ஏறத்தாழ 145 கிலோமீற்றர் நீளமுள்ள களனி வழியே கொழும்பை அடுத்துக் கடலிற் சேர்கின்றது. சிப்பியின் ஓடும் முருகைக்கல்லும் இத்தகைய கல்சியத்தினாலேயே ஆக்கப்படுகின்றன. மலை கரைந்து ஓடாகின்றது எனின் அது வெறும் உவமையன்று, இரசாயன உண்மையுமாகும்.

அவ்வாறு ஓடு கட்டிய உயிர்களுள் மிகப் புதுமையான ஒரு குலம் ரூடிஸ்டு என்பது. ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகளுக்கு முன் யூராக் காலத்தின் பிற்பகுதியில் தோன்றி, கிரெத்தேசியக் காலத்தில் வெப்பக் கடல்களெங்கும் பரவி, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முற்றாக மறைந்த இரட்டை ஓட்டுச் சிப்பிகள் இவை. இவை எவ்வாறு வளர்ந்தன, வாழிடத்துக்கு எவ்வாறு தம்மைப் பொருத்திக்கொண்டன, அப்பொருத்தம் இவற்றுக்கு எதுவரை துணைநின்றது என்பன ஆராயத்தக்கன.

பெயரும் உருவும்

மட்டி, முத்துச்சிப்பி முதலியவற்றை அறிந்த ஒருவர் ரூடிஸ்டு ஒன்றை முதன்முறை காணின் அதனைச் சிப்பியென்று ஒருபோதும் கருதார். மட்டியின் இரு ஓடுகளும் இடக்கையும் வலக்கையும் கூப்பியதுபோல ஒத்திருக்கும். முதிர்ந்த இனத்து ரூடிஸ்டிலோ ஓர் ஓடு கொம்பு போலவோ குழல் போலவோ நீண்டு கீழே ஊன்றி நிற்கும். மற்றையது அதன் வாயை மூடும் தட்டையான மூடியாகச் சுருங்கியிருக்கும். மூடியிட்ட செம்பொன்றை நினைவூட்டும் அமைப்பு அது. விரலளவே ஆன இனங்களும் இருந்தன. ஒரு மீற்றருக்கு மேற்பட்ட பேருருவங்களும் இருந்தன.

இவ்விசித்திர வடிவம் முற்கால அறிஞரை மயக்கியதில் வியப்பில்லை. பிரான்சிய இயற்கையறிஞர் பிக்கோ த லாப்பெய்ரூஸ் 1781இல் பிரனீசு மலைப் பகுதியிற் கிடைத்தவற்றை விவரித்தபொழுது, கணவாய்க் குலத்தைச் சார்ந்த நீண்ட ஓட்டுயிர்களோடு அவற்றைச் சேர்த்தார். முருகைக்கல் என மயங்கினோரும் உளர். 1819இல் லமார்க் என்னும் பேரறிஞர் வழங்கிய பெயரே இன்றளவும் நிலைத்துள்ளது. இலத்தீன் மொழியிற் கரடுமுரடு எனப் பொருள்படும் சொல்லினின்று அது பிறந்தது. ஓட்டின் புறத்தோற்றத்துக்கு அப்பெயர் பொருத்தமே. இரு ஓடுகளையும் பிணைக்கும் பற்களும், அவற்றை இழுத்து மூடும் தசைகளின் தடங்களும் உள்ளே காணப்பட்டமையால், இவை சிப்பிக் குலத்தினவே என்பது காலப்போக்கில் ஐயமற நிறுவப்பட்டது.

சுருள் நிமிர்ந்த வரலாறு

சிப்பியின் ஓடு விலங்குகளின் எலும்பைப்போல உள்ளிருந்து வளர்வதன்று. உடலைச் சூழ்ந்த போர்வை எனப்படும் மெல்லிய தசைமடலின் விளிம்பு, கடல்நீரிலுள்ள கல்சியத்தையும் காபனேற்றையும் சேர்த்து ஓட்டின் ஓரத்திற் புதுப்புது வரிகளாகப் படியவைக்கின்றது. முன்னர்க் கட்டிய பகுதியை அழித்துத் திருத்தும் வழி சிப்பிக்கு இல்லை. ஆகவே ஓட்டின் வடிவம் என்பது, விளிம்பின் எப்பகுதி விரைவாகவும் எப்பகுதி மெதுவாகவும் வளர்ந்தது என்பதன் திரண்ட கணக்கேயாகும்.

சாதாரணச் சிப்பியில் இரு ஓடுகளையும் இணைக்கும் மீள்தன்மையுள்ள நார் பிணைச்சலின் புறத்தே அமைந்துள்ளது. தசை தளரும்பொழுது ஓடுகளைத் திறப்பது அதன் தொழில். ஓடுகள் பெருக்குந்தோறும் பிணைச்சலின் இருபுறமும் ஒன்றையொன்று விட்டு விலகவேண்டும். பழைய நார் பிளவுபடப் புதிய நார் அதனையடுத்து உருவாகும். இதன் விளைவாக ஓட்டின் நுனிகள் ஆட்டுக் கொம்பைப்போல வெளிப்புறமாகச் சுருளும். தொடக்கக்கால ரூடிஸ்டாகிய டைசெராசு என்னும் இனம் இவ்வாறே சுருண்ட இரு கொம்புகளை உடையதாயிருந்தது. ஓர் ஓட்டினால் அடித்தளத்தைப் பற்றிக்கொண்டு வாழ்ந்த அதற்கு, இச்சுருள் மேல்நோக்கி உயரத் தடையாயிற்று.

பின்வந்த இனங்களில் ஒரு சிறு மாற்றம் நேர்ந்தது. புறத்தே இருந்த இணைநார், ஓட்டின் மடிப்பொன்றினுள் உள்வாங்கப்பட்டது. அதனால் ஓட்டின் விளிம்பு முழுவதும் தடையின்றிச் சுற்றிச் சுற்றி வளர வழி பிறந்தது. சுருளவேண்டிய கட்டாயம் நீங்கவே, ஓடு குழலாக நிமிர்ந்து எழலாயிற்று. இம்மாற்றத்தின் முதன்மையை ஆங்கில அறிஞர் பீற்றர் ஸ்கெல்ரன் 1978இல் வெளியிட்ட ஆய்வில் விரிவாக விளக்கினார். அணுவளவான உறுப்பொன்று இடம் மாறியமை ஒரு குலத்தின் வாழ்க்கை முறையையே மாற்றிற்று எனலாம்.

கட்டும் முறையிலும் சிக்கனம் காணப்படுகின்றது. ஓட்டின் வெளிப்படை கல்சைற்று என்னும் உறுதியான கனிப்பொருளாலும், உட்படை அரகோனைற்று என்னும் வேறு வடிவத்தாலும் ஆனவை. ரேடியோலைற்று என்னும் கிளையினத்தில் வெளிப்படை தேன்கூடு போன்ற சிறு அறைகளால் ஆக்கப்பட்டது. குறைந்த பொருள்கொண்டு விரைவாகவும் பருமனாகவும் சுவரெழுப்ப இஃது உதவிற்று. ஹிப்புரைற்று என்னும் கிளையிலோ மூடியோட்டில் நுண்துளைகளும் கால்வாய்களும் நிறைந்திருந்தன. நீரை வடித்து உணவைப் பெறுவதில் இவை பங்குகொண்டன என்பர். குழல் உயருந்தோறும் உடல் அதன் மேல்முனைக்கே ஏறிச்சென்றது. கைவிடப்பட்ட கீழ்ப்பகுதி குறுக்குத் தட்டுகளால் அடைக்கப்பட்டது. மாடியின் மேல் மாடியெழுப்பி, உச்சி மாடியில் மட்டும் குடியிருந்த வீட்டுக்காரனை ஒத்தது அவ்வுயிர்.

இடத்துக்கேற்ற மூவகை வாழ்வு

கிரெத்தேசியக் காலத்தில் உலகம் இன்றையிலும் வெப்பமாயிருந்தது, கடல்மட்டமும் உயர்ந்திருந்தது. கண்டங்களின் ஓரங்கள் பரந்த ஆழமற்ற கடல்களால் மூடப்பட்டிருந்தன. அங்கே சுண்ண மணலும் சேறும் ஓயாது படிந்தவண்ணம் இருந்தன. அத்தகைய தளத்தில் ஓரிடத்தே நிலைத்து வாழும் உயிருக்கு இரண்டு இடர்கள் உண்டு: ஒன்று, படியும் மணலில் புதையுண்டு மாய்தல், மற்றையது, நீரோட்டத்தாற் புரட்டப்படுதல். ரூடிஸ்டுகள் இவ்விடர்களை மூவகையாக எதிர்கொண்டன என அறிஞர் வகுத்துள்ளனர்.

முதல்வகையின நிமிர்ந்து வளர்வன. மணல் படியும் வேகத்துக்கு ஈடாகவோ சற்று மிகையாகவோ குழலை உயர்த்தி, வாயை எப்பொழுதும் நீரில் வைத்திருந்தன. சூழப் படிந்த மணலே அவற்றைத் தாங்கும் அணைசுவராயிற்று. இடராக வந்ததையே துணையாக்கிக் கொண்ட திறம் இது. இளம் உயிர்கள் மூத்தவற்றின் ஓட்டிலே ஒட்டி வளர்ந்தமையால், மூங்கிற் புதர்போன்ற கூட்டங்கள் உண்டாயின. இரண்டாம் வகையின அகன்ற அடியினாற் பாறையையோ பிற ஓட்டையோ இறுகப் பற்றிக் குறுகிய உருவோடு வாழ்ந்தவை. அலை மோதும் இடங்களுக்கு இவ்வமைப்பு ஏற்றது. மூன்றாம் வகையின எதனையும் பற்றாது, கனத்த வளைந்த ஓடுகளை மணலின் மீது கிடத்தித் தம் பாரத்தினாலேயே நிலைபெற்றன. யமேக்காத் தீவிற் கிடைத்த டைற்றனோசார்க்கோலைற்று என்னும் பேருருவம் இவ்வகையைச் சார்ந்தது.

இங்கு ஒரு கருத்துவேற்றுமையைக் குறிப்பிடுதல் தகும். ரூடிஸ்டுகள் முருகைக்கற்களை வென்று ஓட்டி, அவற்றின் இடத்திற் கற்பார்களைக் கட்டின என்பது நெடுங்காலம் நிலவிய கொள்கை. 1995இல் கிலி, மாஸ், ஸ்கெல்ரன் என்னும் மூவரும் இதனை மறுத்தனர். முருகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, அலையை எதிர்த்து நிற்கும் உறுதியான சட்டகத்தை அமைப்பன. ரூடிஸ்டுகளோ பெரும்பாலும் மணலிடையே கூட்டமாக ஊன்றி நின்றவை. கடல்தளத்துக்கு மேல் அவை சிறிதளவே உயர்ந்திருந்தன. ஆகவே அவை வாழ்ந்த இடத்தைக் கோட்டை என்பதினும் தோப்பு எனக் கூறுவதே பொருந்தும் என்பது அவர்தம் முடிபு. முருகை தளர்ந்தமைக்கும் ரூடிஸ்டு தழைத்தமைக்கும் அக்காலக் கடல்நீரின் வேதியியலும் ஒரு காரணம் எனக் கருதப்படுகின்றது. கல்சியத்தோடு ஒப்பிட மகனீசியம் குறைந்திருந்த அந்நீரில் கல்சைற்று ஓடு கட்டுதல் எளிது. அரகோனைற்றினால் மட்டும் உடலைக் கட்டும் முருகைக்கு அது சாதகமன்று. போரில் வென்றவனுக்கு வெற்றியைத் தந்தது வாளன்று, காலமே என்பதுபோல்வது இது.

ஓட்டிற் பதிந்த நாட்குறிப்பு

மரத்தின் வளையங்கள் ஆண்டைக் காட்டுவதுபோலச் சிப்பியின் வரிகளும் காலத்தைக் காட்டுகின்றன. 1963இல் யோன் வெல்சு என்னும் அமெரிக்க அறிஞர் தெவோனியக் கால முருகைகளின் நுண்வரிகளை எண்ணி, அக்காலத்தில் ஓராண்டுக்கு ஏறத்தாழ 400 நாள்கள் இருந்தன எனக் காட்டினார். ரூடிஸ்டின் கல்சைற்று ஓடு உருமாறாது நிலைப்பதால் இத்தகைய ஆய்வுக்கு அது மிகவும் ஏற்றது. ஓட்டிலுள்ள ஒட்சிசனின் எடைமிகுந்த வகைக்கும் எடைகுறைந்த வகைக்கும் இடையிலான விகிதம், நீரின் வெப்பத்துக்கேற்ப மாறும். அவ்விகிதத்தை வரிவரியாக அளந்தால் கோடையும் மாரியும் அலையலையாக வெளிப்படும். ஓர் அலை ஓர் ஆண்டாகும்.

2020இல் நீல்ஸ் த வின்ரர் என்னும் அறிஞரும் அவருடன் ஆய்ந்தோரும் ஓமான் நாட்டிற் கிடைத்த தொறெய்ற்றிஸ் என்னும் ரூடிஸ்டின் ஒரே ஓட்டை ஆராய்ந்து வெளியிட்ட முடிவுகள் குறிப்பிடத்தக்கவை. 7 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அவ்வுயிர் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் வளர்ந்திருந்தது. லேசர்க் கதிரினால் அதன் வரிகளை நுண்ணிதின் ஆய்ந்தபொழுது, ஒவ்வொரு நாளும் ஒரு மெல்லிய படலம் படிந்திருந்தமை புலனாயிற்று. ஆண்டொன்றுக்கு 372 படலங்கள் இருந்தன. புவி ஞாயிற்றைச் சுற்றும் காலம் பெரிதும் மாறுவதில்லை; அஃது ஏறத்தாழ 8766 மணி. இதனை 372 ஆற் பிரித்தால் ஒரு நாளுக்கு இருபத்து மூன்றரை மணியே எஞ்சும். சந்திரனின் ஈர்ப்பால் எழும் வற்றுப்பெருக்கு புவியின் சுழற்சியைச் சிறிது சிறிதாகத் தளர்த்துவதாலேயே இன்றைய நாள் 24 மணியாக நீண்டுள்ளது. அதே காரணத்தினால் சந்திரனும் ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 சென்ரிமீற்றர் விலகிச் செல்கின்றது. விண்ணில் நிகழ்ந்ததனை மண்ணிற் புதைந்த ஓடு எழுதி வைத்துள்ளது.

அவ்வோடு கூறும் செய்தி இன்னும் உண்டு. அது வளர்ந்த கடல்நீர் கோடையில் 40 பாகை சென்ரிகிரேட்டை எட்டியது. மாரியிலும் 30 பாகைக்கு மேலேயே இருந்தது. மேலும், ஓட்டின் வேதியியல் பருவத்துக்குப் பருவம் மாறியதிலும் பகலுக்கும் இரவுக்கும் இடையிலேயே மிகுதியாக மாறியிருந்தது. பகலில் வளர்ச்சி விரைவு. ஒளியோடு இவ்வளவு நெருங்கிய உறவு, இன்றைய பேரோட்டுச் சிப்பியின் தசையில் வாழும் நுண்பாசிகளை நினைவூட்டுகின்றது. அப்பாசிகள் கதிரவன் ஒளியில் உணவாக்கிச் சிப்பிக்கு ஒரு பகுதியை அளிக்கின்றன. சிப்பி அவற்றுக்கு உறைவிடம் தருகின்றது. தொறெய்ற்றிசும் அத்தகைய கூட்டு வாழ்வு வாழ்ந்தது என்பதற்கு இது வலிய சான்று. எனினும் எல்லா ரூடிஸ்டுகளுக்கும் இதனைப் பொதுவாக்குதல் ஆகாது. சேறு கலங்கிய நீரிலும் அவற்றுட் பல வாழ்ந்தன. செவுளினால் நீரை வடித்துண்டலே அவற்றின் பொதுவழி.

அரியலூரும் இமயமும்

தமிழ்கூறு நிலத்தில் கிரெத்தேசியக் கடலின் சுவடுகளைக் காணவேண்டின் அரியலூருக்குச் செல்லல்வேண்டும். 1840ஐ அடுத்த ஆண்டுகளிற் கேய், கன்லிஃப் என்போர் அங்கும் அயலிலும் சேகரித்த உயிர்ச்சுவடுகளை எட்வேட் போர்ப்ஸ் 1846இல் விவரித்தார். பின்னர் இந்தியப் புவிச்சரிதவியல் ஆய்வகத்தைச் சார்ந்த பேர்டினண்டு ஸ்டொலிக்சுக்கா என்பவர் தென்னிந்தியக் கிரெத்தேசிய உயிர்களைப் பற்றிப் பல தொகுதிகள் எழுதினார். அவற்றுள் சிப்பிகளைப் பற்றியது 1871இல் வெளிவந்தது. அரியலூர்ப் படிவுகளில் ஊரிகளும், இனோசெராமசு என்னும் பெருஞ்சிப்பிகளும், அம்மோனைற்றுகளும் நிறைந்துள்ளன. ஆயினும் ரூடிஸ்டுத் தோப்புகளே குவிந்து பாறையான காட்சி அப்படிவுகளின் இயல்பன்று. இந்தியாவும் இலங்கையும் அன்று நிலநடுக்கோட்டுக்கு நெடுந்தொலைவு தெற்கே கிடந்தன. கரையோரக் கடலில் ஆறுகள் மணலையும் களியையும் கொட்டின. வெப்பக் கடலின் தெளிந்த சுண்ணத் தளத்தையே பெரிதும் நாடிய ரூடிஸ்டுக்கு அவ்விடம் ஏற்காதது இயல்பே.

அவை தழைத்தது வடக்கேயிருந்த தெதிசு என்னும் பெருங்கடலில். அதன் எச்சங்கள் இன்று இமயத்தின் மடியில் உள்ளன. லடாக்கில் சிந்து நதிக்கரையில், ஏறத்தாழ 3000 மீற்றர் உயரத்திலுள்ள கல்சி என்னும் ஊரின் பெயர்பெற்ற சுண்ணாம்புக் கல்லில் ரூடிஸ்டுகள் காணப்படுகின்றன. கில்கிற்றுப் பகுதியின் யாசினிலும் அவை உண்டு. ஹென்றி ஹேடன் 1906இல் காசுமீரத்திலும் 1914இல் பாமீர்ப் பயணத்தின்போதும் திரட்டிய சுவடுகளைப் பிரான்சிய அறிஞர் ஹென்றி தூவியே 1926இல் விவரித்தார். அவற்றுள் ஓரினம் ஹேடனின் பெயராலேயே வழங்குகின்றது. எரிமலைத் தீவுகளின் ஓரத்தில் ஆழமற்ற நீரில் வாழ்ந்த அச்சிப்பிகளை, பின்னர் வடக்கே நகர்ந்த இந்திய நிலம் ஆசியாவோடு மோதி மலைமேல் ஏற்றிவிட்டது. தென்னாட்டுச் சிப்பிகளை ஆராய்ந்த ஸ்டொலிக்சுக்காவும், தம் இறுதிப் பயணத்தில் 1874இல் லடாக்கிலேயே உயிர்நீத்தார்.

ரூடிஸ்டுகள் விட்டுச்சென்ற பயனும் சிறிதன்று. ஓட்டின் அரகோனைற்றுப் பகுதி நிலத்தடி நீரில் எளிதிற் கரைந்துவிடும். அதனால் உண்டான புழைகள் எண்ணெயைத் தேக்கிவைத்தன. பாரசீக வளைகுடா நாடுகளிலும் மெக்சிக்கோவிலும் உள்ள எண்ணெய் வயல்கள் சில ரூடிஸ்டுச் சுண்ணாம்புக் கல்லில் அமைந்தவை.

பொருத்தமும் அழிவும்

9 கோடி ஆண்டுகளுக்கு மேல் நிலைத்த இக்குலம் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மறைந்தது. மெக்சிக்கோவின் யுக்கற்றான் பகுதியிற் சிறுகோள் ஒன்று மோதிய காலம் அது. எழுந்த தூசியும் புகையும் கதிரவனை மறைத்தன. கடலின் நுண்பயிர்கள் மடிந்தன. உணவுத் தொடர் அறுந்தது. மோதலுக்கு முன்னரே ரூடிஸ்டுகள் தளர்ந்திருந்தனவா என்பதில் அறிஞரிடையே ஒருமைப்பாடில்லை. எனினும் அக்காலத்தின் இறுதிக்கு அண்மைவரை அவற்றுட் பல வாழ்ந்தமைக்குச் சான்று உண்டு. அதே பேரழிவைச் சாதாரண மட்டிகளும் ஊரிகளும் கடந்துவந்தன. ஒரு வகை நீரையும் ஒரு வகைத் தளத்தையும் மட்டும் சாராது, சேற்றிலும் கழிமுகத்திலும் ஆழத்திலும் பரந்து வாழ்ந்தமை அவற்றுக்கு அரணாயிற்று எனலாம். ரூடிஸ்டு தன் இடத்துக்கு மிகச் சிறப்பாகப் பொருந்தியது. அவ்விடம் அழிந்தபொழுது அதற்கு வேறு புகலிடம் இல்லை.

பொருத்தம் என்பது ஓர் உடன்படிக்கை. சூழல் தன் பங்கை நிறைவேற்றும்வரையே அது செல்லும். இவ்வுண்மை பழங்கதையாக ஒழிந்துவிடவில்லை. 1998இல் இந்துமாகடலின் நீர் மிகையாக வெப்பமுற்றபொழுது, இலங்கையைச் சூழ்ந்த ஆழமற்ற முருகைக் கற்பார்கள் பல வெளிறி மடிந்தன. முருகையும் ஒளியை நாடும் நுண்பாசியோடு கூடி வாழ்வது; அக்கூட்டு வெப்பத்தால் முறிந்தமையே அவ்வெளிறலின் காரணம். அதற்கு முன்னரே, தென்மேற்குக் கரையிற் சுண்ணாம்பு சுடுவதற்காக முருகைக்கல்லை அகழ்ந்தெடுக்கும் தொழில் கற்பார்களை நலிவித்திருந்தது. ரூடிஸ்டை அழித்தது விண்ணிலிருந்து வந்த விபத்து; அதனைத் தடுப்பார் இலர். இன்றைய கற்பார்களை நலிவிப்பதிலோ மனிதன் எரிக்கும் எரிபொருளுக்கும் அவன் கைக்கொள்ளும் தொழில்களுக்கும் பங்குண்டு. ஆதலின் தடுக்கும் பொறுப்பும் ஆற்றலும் அவனிடமே உள்ளன. கல்லான சிப்பிகளைக் கற்பதன் பயன் இவ்வுணர்வைப் பெறுவதேயாம்.